கூடம் கோணலாக இருந்தால் டெய்னா என்ன செய்வார்?

(எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, அழைப்பை ஏற்று வந்ததோடு, கடைசிவரை இருப்பதாகவும் மேடையிலேயே வாக்குக் கொடுத்துவிட்ட நகர்மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் கவுன்சிலர் பெருமக்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல், கரண்ட் பில்லுக்குக்கூடக் கை நீட்டாமல் கொடுத்த மண்டப உரிமையாளர் அவர்களே, நம்மில் பாதிப் பேரை விசில் சத்தத்தாலேயே வளர்த்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஐயா அவர்களே, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் ஜூனியர் அணிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சற்று முன் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினீர்கள். நன்றி. நகர்மன்றத் தலைவருக்கு நான்கு போர்த்தினீர்கள், அவருடைய பதவிக்கு அது நியாயம்தான். அடுத்த வருடம் அந்தக் காசுக்கு ஐந்தாம் நம்பர் பந்துகள் வாங்கி, எங்கள் கையில் கொடுத்து, நாங்கள் அதைப் பின்னால் நிற்கும் பிள்ளைகளிடம் கொடுப்பதாக ஏற்பாடு செய்யுங்கள். புகைப்படம் இதைவிட நன்றாக வரும்.

‘நடுக்கள மேதைகள்: ஓர் ஒப்பீடு’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, பழைய காலத்துப் பெரிய மிட்ஃபீல்டர்கள், அதாவது மைதானத்தின் நடுவில் நின்று ஆட்டத்தை உருவாக்குகிறவர்கள், ஒவ்வொருவரும் எப்படி ஆடினார்கள். இரண்டு, அவர்களில் யார் பெரியவர். மூன்று, இன்றைய வேகத்தில் அவர்களுக்கு இடம் இருக்குமா. நேரம் இருந்தால் மூன்றையும் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு பழமொழி. நம் உடற்கல்வி ஆசிரியர் ஐயாவிடம் படித்தவர்களுக்கு இது மனப்பாடம். பாஸ் தவறிவிட்டால் “சார், கல்லு சார், பந்து எகிறிடுச்சு” என்போம். ஐயா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்வார்: “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!” அதற்கு மேல் பேச்சு கிடையாது. அந்தப் பழமொழியை நான் இன்றுவரை வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லோர் மீதும் பிரயோகித்து வருகிறேன்.

சரி, ஆட்டக்காரர்களுக்கு வருவோம்.

முதலில் டிடி. பிரேசிலின் டிடி. 1958 ஜூன் 29, ஸ்டாக்ஹோம், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நான்காவது நிமிடத்திலேயே ஸ்வீடன் கோல் போட்டுவிட்டது. அந்தத் தொடரில் பிரேசில் பின்தங்கியது அதுதான் முதல் முறை. அணியில் பெலே என்று பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். உள்ளூர்க் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. டிடி பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு நடுவட்டத்துக்கு நடந்து வந்தார். ஓடவில்லை, நடந்தார். வழியில் ஒவ்வொருவரிடமும் பதற்றப்படாதீர்கள் என்று பேசிக்கொண்டே வந்தார். பிரேசில் 5-2 என்று வென்றது. அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பெலே இல்லை, டிடி. அவருடைய ஃப்ரீகிக்குக்குக் ‘காய்ந்த இலை’ என்று பெயர். உயரமாகப் போகிற பந்து கோல் பக்கம் வந்ததும் திடீரென்று இறங்கிவிடும். 1957-இல் மரக்கானா மைதானத்தில் பெரு அணிக்கு எதிராக அப்படி இறக்கிய ஒரு பந்துதான் பிரேசிலை அந்த உலகக் கோப்பைக்கே அனுப்பி வைத்தது.

அடுத்து இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், பிளாட்டினியும் ஜிடானும். இரண்டு பேருக்கும் ஒரே பத்தாம் நம்பர் சட்டை, ஆனால் வேலை வேறு. பிளாட்டினி கோலைத் தேடிப் போகிறவர். 1984 ஐரோப்பியக் கோப்பையில் ஐந்து ஆட்டங்களில் ஒன்பது கோல். எந்த ஃபார்வர்டும் பொறாமைப்படும் கணக்கு அது. நாட்டுக்காக 72 ஆட்டங்களில் 41 கோல். ஜிடானுக்கு 108 ஆட்டங்களில் 31 தான். ஆனால் ஜிடானைக் கோல் கணக்கால் அளக்க முடியாது. எவ்வளவு வேகமாக வந்த பந்தும் அவர் காலில் பட்டதும் அடங்கிவிடும். அவர் திரும்பும்போது எதிராளியும் சேர்ந்து திரும்ப வேண்டியிருக்கும், பெரும்பாலும் தவறான பக்கம். மார்செய் நகரின் லா காஸ்டெலான் குடியிருப்பில், அடுக்குமாடிகளுக்கு நடுவே இருந்த ‘தார்த்தான்’ என்ற சதுக்கத்தில் பழகிய கால் அது. புல் கிடையாது. ஆனால் சமதளம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் ஸ்பெயினின் சாவி. உயரம் 170 சென்டிமீட்டர். அவர் பந்தோடு நின்ற நேரத்தைவிடப் பந்து வருவதற்கு முன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த நேரம்தான் அதிகம். நம் டவுன் பஸ்ஸில் நல்ல கண்டக்டர் இருப்பார் பாருங்கள், நெரிசலில் யார் இறங்க வேண்டும், யார் டிக்கெட் வாங்கவில்லை என்று முதுகாலேயே பார்ப்பார். அந்த மாதிரி. பந்து வரும்போதே கணக்கு முடிந்திருக்கும், ஒரு தட்டு, அவ்வளவுதான்.

இவர்கள் எல்லோரையும் விட்டுவிட்டு நான் இன்று சொல்ல வந்த பெயர் வேறு. காஸிமிர் டெய்னா. போலந்துக்காரர். இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? ஐயா கை தூக்குகிறார். வேறு யாரும் இல்லை. சரி.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் போலந்துக்குத் தங்கம். இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியை 2-1 என்று வென்றார்கள், அந்த இரண்டு கோலும் டெய்னாவுடையவை. ஓட்டத்தில் அவர் வேகமானவர் இல்லை. அவருக்கு வேகம் தேவைப்படவும் இல்லை. ஒரு பக்கம் லாட்டோ, மறுபக்கம் கடோஹா என்று குதிரை வேக விங்குகள். டெய்னா நடுவில் நின்று, தலை நிமிர்ந்து, இவனுக்கு ஒன்று அவனுக்கு ஒன்று என்று பாதத்தின் வெளிப்புறத்தால் வழுக்கிவிடுவார். பந்து தரையோடு போய், ஓடுகிறவன் எட்டுகிற தூரத்தில் காத்திருக்கும்.

1974 உலகக் கோப்பை மேற்கு ஜெர்மனியில். போலந்து, அர்ஜென்டினாவை வென்றது, இத்தாலியை வென்றது, ஸ்வீடனை, யூகோஸ்லாவியாவை வென்றது. ஆடியதெல்லாம் வெற்றி. ஜூலை 3, ஃபிராங்க்ஃபர்ட். எதிரில் போட்டியை நடத்துகிற மேற்கு ஜெர்மனி. ஜெயிக்கிறவர் இறுதி ஆட்டத்துக்குப் போகலாம். கோல் வித்தியாசத்தில் ஜெர்மனி முன்னால் இருந்ததால் அவர்களுக்கு டிரா போதும். போலந்து ஜெயித்தே ஆக வேண்டும்.

ஆட்டத்துக்கு முன் பிடித்தது பாருங்கள் மழை! தூறல் இல்லை, மேகம் கிழிந்து கொட்டியது. கொஞ்ச நேரத்தில் மைதானம் ஏரி. தீயணைப்புப் படை வந்தது. நெருப்பை அணைக்கிறவர்கள் தண்ணீரை உறிஞ்ச வந்தார்கள்! ஒரு பக்கம் பம்ப், ஒரு பக்கம் உருளையைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் ஓடுகிறார்கள். தண்ணீரை இந்த ஓரத்துக்குத் தள்ளினால் அந்த ஓரத்தில் தேங்குகிறது. இன்றைக்கென்றால் இன்னொரு நாளுக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். அன்று அரை மணி நேரம்தான் தள்ளினார்கள். ஆடுங்கள் என்றுவிட்டார்கள்.

ஆடினார்கள். டெய்னா நடுவில் பந்தை வாங்குகிறார், தலை நிமிர்கிறார், லாட்டோ ஓடத் தொடங்கிவிட்டார், டெய்னா எப்போதும்போல் தரையோடு வழுக்கிவிடுகிறார். பந்து கொஞ்ச தூரம் போய்த் தண்ணீரில் சொத்தென்று நின்றுவிடுகிறது. லாட்டோ எங்கேயோ, பந்து எங்கேயோ. உதைத்தால் பந்தைவிடத் தண்ணீர் அதிக தூரம் போகிறது. அப்படியும் போலந்து விடவில்லை. ஜெர்மன் கோலி மாயர் மட்டும் இல்லையென்றால் கதை முதல் பாதியிலேயே முடிந்திருக்கும். இரண்டாம் பாதியில் ஜெர்மனிக்குப் பெனால்டி. ஹோனெஸ் அடிக்கிறார், போலந்து கோலி தோமாஷெவ்ஸ்கி பிடித்துவிட்டார். (கைதட்டல்.) கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், இன்னும் சோகம் பாக்கி இருக்கிறது. 76-ஆவது நிமிடம். போன்ஹோஃப் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு வந்த பந்து, கெர்ட் முல்லர் காலுக்கு வந்து விழுந்தது. முல்லர் காலில் விழுந்த பந்துக்கு வேறு போக்கிடம் ஏது? 1-0. நான்கு நாள் கழித்து மியூனிக்கில் ஜெர்மனி உலகச் சாம்பியன். போலந்து பிரேசிலை வென்று மூன்றாம் இடம். இரண்டு நாட்டிலும் அந்த ஆட்டத்துக்கு இன்றுவரை தண்ணீரை வைத்துத்தான் பெயர்.

ஜெர்மனியின் ஓவராத்தும் தரையோடு பாஸ் கொடுக்கிறவர்தானே, அவருக்கும் அதே தண்ணீர்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஓவராத்துக்கு டிரா போதும், டெய்னாவுக்குப் போதாது. பந்து ஓடாத மைதானம் இரண்டு அணிக்கும் ஒன்றுபோல் கெடுதல் செய்யாது. ஆட்டத்தை உருவாக்க வேண்டியவனைத்தான் முதலில் கவிழ்க்கும்.

இப்போது சொல்லுங்கள், டெய்னாவிடம் போய் ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று சொல்ல முடியுமா? அந்த ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் தேர்வில் நெதர்லாந்தின் குரைஃபுக்கும் ஜெர்மனியின் பெக்கன்பவருக்கும் அடுத்து மூன்றாவதாக வந்தவர் அவர்.

அதே ஃபிராங்க்ஃபர்ட் மைதானம், புதிதாகக் கட்டப்பட்டது, 2006 ஜூலை 1. ஜிடானுக்கு வயது 34. எதிரில் பிரேசில். பந்தைத் தூக்கி பிரேசிலின் ரொனால்டோவின் தலைக்கு மேலேயே அனுப்பி மறுபக்கம் போய் எடுத்தார். அவருடைய ஃப்ரீகிக்கில் சக பிரெஞ்சு ஆட்டக்காரர் ஹென்றி கோல் போட்டார், 1-0. காய்ந்த, சமமான தரை. அதே ஊர்தான், ஒரு மேதைக்குத் தண்ணீர், இன்னொரு மேதைக்குப் புல். இரண்டு பேரில் யார் பெரியவர் என்று எப்படி அளப்பீர்கள்? இரண்டாவது கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

இன்னொன்று. 2012 ஐரோப்பியக் கோப்பை, கிடான்ஸ்க் நகரம், ஸ்பெயினும் இத்தாலியும். டெய்னா பிறந்த ஊருக்கு அது பக்கம்தான். ஆட்டம் 1-1. முடிந்ததும் ஸ்பெயின்காரர்கள், தரை காய்ந்து கிடந்தது, தண்ணீர் தெளிக்கவில்லை, பந்து வேகமாக ஓடவில்லை என்று புகார் சொன்னார்கள். நானும் சிரித்தேன். உலகச் சாம்பியன்களே, உங்களுக்குமா கூடம் கோணல்? மூன்று வாரம் கழித்து கீவ் நகரில் இறுதி ஆட்டம், அதே இத்தாலியை 4-0 என்று வென்றார்கள். ஆடத் தெரிந்தவர்களும் கூடம் கோணல் என்பார்கள் ஐயா. அப்போது கூடத்தைப் போய்ப் பார்ப்பதுதான் மரியாதை.

நம் கூடத்துக்கு வருகிறேன். விழாத் தலைவர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார், பரவாயில்லை.

நம் ஊரில் நல்ல கோலிகள் வந்திருக்கிறார்கள். தடுப்பாட்டத்தில் மலை மாதிரி பேக்குகள் வந்திருக்கிறார்கள், நகர்மன்றத் தலைவரே இளமையில் லெஃப்ட் பேக் என்று சற்று முன் சொன்னார். ஓடுகிற விங்குகளுக்குக் குறைவே இல்லை. நடுவில் ஆட மட்டும் ஏன் ஒருவனும் வரவில்லை? மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். பொதுக்கூட்டம் என்றால் மேடை எங்கே போடுகிறோம்? சரியாக நடுவட்டத்தில். எல்லாக் கட்சியும்தான், நான் யாரையும் தனியாகச் சொல்லவில்லை. பொருட்காட்சிக்கு ராட்டினம் எங்கே? அதற்குப் பக்கத்தில். சவுக்குக் கம்பு நட்ட குழிகளை யாரும் கெட்டிப்பதில்லை, மேலாக மண்ணைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். ஒரு மழை பெய்தால் அத்தனையும் குட்டை. அங்கே தரையோடு பாஸ் கொடுக்கிற பையன் இரண்டு நாளில் கற்றுக்கொள்கிறான்: நடுவில் பந்தை வைத்திருக்காதே, தூக்கி அடி. பத்து வயதில் தூக்கி அடிக்கப் பழகியவனிடம் பதினாறு வயதில் சாவி மாதிரி ஆடு என்றால் அவன் என்ன செய்வான்? லா காஸ்டெலான் பையனுக்குப் புல் இல்லை, தளம் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? நம் பிள்ளைகளுக்கு நான் புல்கூடக் கேட்கவில்லை.

கேட்பது இவ்வளவுதான். ஆடுகளக் கோட்டுக்குள் கம்பு நடக்கூடாது. கிழக்கு ஓரத்தில் சும்மா கிடக்கும் இடத்தில் மேடை போடட்டும், ராட்டினம் சுற்றட்டும், நானும் வந்து கரும்புச்சாறு குடிக்கிறேன். அனுமதி கொடுக்கும்போது முன்பணம் வாங்கி, குழியை மூடிக் கெட்டித்த பிறகு திருப்பிக் கொடுக்கட்டும். மழைத்தண்ணீர் வடிய மேற்கே ஒரு கால்வாய். அதனால்தான் இந்த விழாவையே மைதானத்தில் வைக்கக்கூடாது என்று சண்டை போட்டு மண்டபத்துக்குக் கொண்டுவந்தோம்.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது, ‘ஐந்து நிமிடம்’ என்று போட்டிருக்கிறது. இத்தாலியின் பிர்லோவைப் பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன். பிரெஷ்யா அணியில் முன்னால் ஆட பாஜ்ஜோ இருந்ததால் மாட்ஸோனே என்கிற பயிற்சியாளர் அவரைப் பின்னால் இழுத்துப் போட்டதும், அங்கிருந்தே அவர் ஆட்டத்தை ஆண்டதும் பெரிய கதை. அடுத்த முறை. இன்றைய வேகத்தில் இவர்களுக்கு இடம் உண்டா என்கிற மூன்றாவது கேள்வியும் அடுத்த முறை. பிரான்ஸின் தடுப்பு நடுக்களக்காரர் மக்கெலெலேயைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாதது அநியாயம், அவருடைய ரசிகர்கள் மன்னிக்க வேண்டும்.

வெளியே காபி வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் மனு ஒன்று இருக்கிறது. நகராட்சிக்குத்தான். ஐயா முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார், நாங்கள்தான் விடவில்லை. முதல் வரியைக் காலியாக வைத்திருக்கிறோம். அது நம் ஊரின் பழைய லெஃப்ட் பேக்குக்கு. கடைசிவரை இருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார், பேனா என் பையில் தயாராக இருக்கிறது. நன்றி, வணக்கம்.