கணக்கில் வராத பார்வையாளர்கள்: அமெரிக்கப் பகல் சீரியல்களும் மூன்று நெட்வொர்க்குகளின் ரேட்டிங் போட்டியும்

அவைக்கு வணக்கம்.

சீரியல் என்றாலே வேலை வெட்டி இல்லாதவர்கள் பார்ப்பது என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. படித்தவர்கள் கூடும் அவைகளில் அந்தப் பேச்சை எடுக்கவே தயங்குவார்கள். எனக்கு அந்தத் தயக்கம் கிடையாது. அமெரிக்காவில் 'கைடிங் லைட்' என்ற தொடர் 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 செப்டம்பரில்தான் முடிந்தது. 72 ஆண்டுகள்! பாட்டி கேட்ட கதையை மகளும் பேத்தியும் பார்த்தார்கள். இப்படி ஒரு கதை வடிவம் எப்படி வளர்ந்தது, எப்படித் தேய்ந்தது என்று கேட்பது வெட்டிப் பேச்சாகாது.

அந்த வளர்ச்சிக்கும் தேய்வுக்கும் நடுவில் நிற்பது சிபிஎஸ், என்பிசி, ஏபிசி என்ற மூன்று நெட்வொர்க்குகளின் ரேட்டிங் போட்டி. யார் முந்தினார், யார் பிந்தினார் என்ற பட்டியல் எங்கும் கிடைக்கும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு ஒன்று: அந்தப் போட்டியில் யாரைக் கணக்கில் எடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்பது. கதையின் தலையெழுத்தை அதுதான் எழுதியது.

முதலில் கணக்கு எப்படி எடுத்தார்கள் என்று பார்ப்போம். நீல்சன் நிறுவனம்தான் எண்ணிச் சொல்லும். 1970களில் நாடு முழுமைக்கும் சுமார் 1,200 வீடுகளில் டிவி பெட்டியோடு ஒரு கருவியைப் பொருத்தியிருந்தார்கள். பெட்டி எப்போது ஓடியது, எந்தச் சேனல் ஓடியது என்று அது சொல்லும். எதிரே உட்கார்ந்திருந்தது யார் என்று சொல்லாது. அதற்குத் தனியாகச் சில வீடுகளில் நாட்குறிப்பு கொடுத்து எழுதச் சொன்னார்கள். டிவி உள்ள நூறு வீடுகளில் எத்தனை வீடு பார்த்தது என்பது ரேட்டிங். அந்த நேரத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்த நூறு வீடுகளில் எத்தனை என்பது ஷேர். பிப்ரவரி, மே, ஜூலை, நவம்பர் மாதங்களில் ஊர் ஊராக விரிவாகக் கணக்கெடுப்பார்கள். உள்ளூர் நிலையங்களின் விளம்பரக் கட்டணம் அதை வைத்து நிர்ணயமாகும். கல்யாணம், கொலை, செத்தவர் திரும்பி வருவது எல்லாம் அந்த மாதங்களில் அதிகமாக நடப்பதற்குக் காரணம் இதுதான்.

போட்டி சூடு பிடிப்பதற்கு முந்தைய காலத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1956 ஏப்ரல் 2ஆம் தேதி சிபிஎஸ்ஸில் 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடங்கியது. அதுவரை பகல் தொடர்கள் 15 நிமிடம்தான் ஓடின. இர்னா பிலிப்ஸ் என்ற எழுத்தாளர் 30 நிமிடம் கேட்டு வாங்கினார். கூடுதல் நேரத்தைக் கூடுதல் சம்பவங்களுக்கு அவர் செலவழிக்கவில்லை. காபி குடித்துக்கொண்டே இரண்டு பேர் மூன்றாவது ஒருவரைப் பற்றிப் பேசுவார்கள், அவ்வளவுதான். முதல் வசனமே காலையில் மனைவி கணவனுக்குச் சொல்லும் வணக்கம். அதைச் சொன்ன ஹெலன் வாக்னர் நான்சி ஹியூஸ் என்ற அந்தப் பாத்திரத்தில், இடையிடையே விலகியும் திரும்பியும், 2010இல் தாம் இறக்கும் வரை நடித்தார். அந்தத் தொடர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது.

1963 நவம்பர் 22ஆம் தேதி மதியம் அந்தத் தொடர் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. நான்சி தன் மாமனாரோடு பேசிக்கொண்டிருக்கிறார். திடீரென்று காட்சி மறைந்து, செய்தி அறிவிப்பு என்ற அட்டை மட்டும் திரையில் தெரிகிறது. டல்லாஸில் அதிபர் கென்னடி சுடப்பட்டார் என்று செய்தி வாசிப்பாளர் வால்டர் கிராங்கைட்டின் குரல் மட்டும் கேட்கிறது. செய்திப் பிரிவின் கேமரா தயாராகச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால் அவர் முகத்தைக் காட்ட முடியவில்லை. ஸ்டூடியோவில் நடிகர்கள் ஒன்றும் தெரியாமல் நடித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த நேரத்தில் சிபிஎஸ் பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கான வீடுகளுக்கு அந்தச் செய்தி ஒரு குடும்பக் கதையின் நடுவில்தான் வந்து சேர்ந்தது.

அதற்கு முந்தைய ஆண்டில் நடந்த ஒன்றை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். 'கைடிங் லைட்'டுக்கு எழுதிக்கொண்டிருந்தவர் ஆக்னஸ் நிக்சன். அவருடைய தோழி ஒருவர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்துபோனார். பாப் ஸ்மியர் பரிசோதனை செய்துகொண்டால் நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்று கதையில் சொல்ல நிக்சன் விரும்பினார். தொடரின் உரிமையாளர் சோப்பு விற்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள். அவர்களும் சிபிஎஸ்ஸும் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்கள்: 'புற்றுநோய்', 'கர்ப்பப்பை', 'கர்ப்பப்பை அகற்றுதல்' ஆகிய சொற்கள் வரக்கூடாது. நிக்சன் அந்தச் சொற்கள் ஒன்றுகூட இல்லாமல் முழுக் கதையையும் எழுதினார். பெர்ட் பாவர் என்ற குடும்பத் தலைவி டாக்டரிடம் போகிறாள், பரிசோதனை நடக்கிறது, நோய் ஆரம்பத்திலேயே தெரிகிறது, பிழைக்கிறாள். பார்த்த பெண்களுக்கு விஷயம் புரிந்தது. பத்து ஆண்டுகளாகத் தெரிந்த பெர்ட்டுக்கு நேர்ந்ததால்தான் புரிந்தது. புதிதாக வந்த பாத்திரத்துக்கு அந்தக் கனம் வந்திருக்காது.

இனி போட்டிக்கு வருவோம். 1975 ஜனவரியில் என்பிசி 'அனதர் வேர்ல்ட்' தொடரை ஒரு மணி நேரமாக்கியது. நடுவில் நிகழ்ச்சி முடிந்தால்தானே பார்ப்பவர் சேனல் மாற்றுவார்? முடியாமல் நீட்டிவிட்டால்? கணக்கு பலித்தது. ஏப்ரலில் 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' நீண்டது. மற்ற இரண்டு நெட்வொர்க்குகளும் வரிசையாக நீட்டின. 1979இல் என்பிசி 'அனதர் வேர்ல்ட்'டை 90 நிமிடமாக்கியது. வாரம் ஐந்து நாள் என்றால் விளம்பரத்தோடு சேர்த்து ஏழரை மணி நேரம். எந்த எழுத்தாளர் குழுவால் தாங்க முடியும்? அடுத்த ஆண்டே மறுபடி ஒரு மணி நேரமாகக் குறைத்தார்கள். மிச்சமான நேரத்தில் அதிலிருந்தே பிரித்தெடுத்து 'டெக்சாஸ்' என்ற புதிய தொடரைப் போட்டார்கள். அது 1982 டிசம்பரோடு முடிந்துபோனது.

'டெக்சாஸ்' யாரோடு மோதித் தோற்றதோ, அந்தத் தொடரைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏபிசியின் 'ஜெனரல் ஹாஸ்பிடல்'. 1963இல் தொடங்கியது. 1978 வாக்கில் ரேட்டிங் தரைதட்டி, இழுத்து மூடும் நிலைக்கு வந்துவிட்டது. அப்போது தயாரிப்பாளராக வந்தார் குளோரியா மான்டி. நீண்ட உரையாடல்களைத் துண்டு துண்டாக வெட்டினார். நடிகர்களை வேகமாகப் பேசச் சொன்னார். மருத்துவமனையின் நடுவயது டாக்டர், நர்சுகளைப் பின்னுக்குத் தள்ளி, பதின்வயதுப் பெண்ணான லாராவை முன்னுக்குக் கொண்டுவந்தார். அந்த வேடத்துக்கு வந்தபோது ஜெனி ஃபிரான்சிஸுக்கு வயது 14தான். 1979-80 பருவத்தில் தொடர் முதலிடம் பிடித்தது.

ஏபிசி குறிவைத்தது 18 முதல் 49 வயது வரையிலான பெண்களை. சோப்பும் குழந்தைத் துணியும் வாங்குகிறவர்கள் அவர்கள்தான் என்பது விளம்பரதாரர்களின் நம்பிக்கை. ஒரு வீட்டில் அறுபது வயது அம்மாள் நாள் தவறாமல் தொடர் பார்த்தாலும், விளம்பர ஏஜென்சி பார்வையில் அவருக்கு விலை குறைவு. நான் முதலில் சொன்ன கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. கதையை முப்பது ஆண்டு தோளில் சுமந்தவர்களைக் கணக்கின் ஓரத்துக்குத் தள்ளினார்கள். அதைப் பார்த்துக் கதையும் அவர்களை ஓரத்துக்குத் தள்ளத் தொடங்கியது.

வேகத்துக்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். 1979 அக்டோபரில் லூக் என்ற பாத்திரம் லாராவைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்குகிறது. லூக்காக நடித்த அந்தோனி கியரிக்கு ரசிகர்கள் பெருகினார்கள். நிறுவனம் என்ன செய்தது? நடந்த குற்றத்தைக் காதலின் தொடக்கமாக மாற்றி எழுதியது. 1981 நவம்பர் 16, 17 தேதிகளில் லூக்குக்கும் லாராவுக்கும் திருமணம். கணக்கெடுப்பு மாதம்தான். சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள். அமெரிக்கப் பகல் சீரியல் வரலாற்றில் அதுவே உச்சம். ஹாலிவுட் நட்சத்திரம் எலிசபெத் டெய்லரே வந்து நடித்தார். அந்த எண்ணைக் கொண்டாடும்போது அதற்கு அடியில் கிடக்கும் குற்றத்தை நாம் மறக்கக்கூடாது. தொடர் அதை நேர்மையாகத் திரும்பிப் பார்க்க 1998 வரை ஆயிற்று. அவர்களுடைய மகன் உண்மையை அறிந்து அப்பாவைக் கேள்வி கேட்கும் கதையை அந்த ஆண்டுதான் எழுதினார்கள். ரேட்டிங் ஏறும்போது தவறைத் திருத்தும் தைரியம் யாருக்கும் வரவில்லை என்பதே என் கருத்து.

அந்த உச்சக் காலத்தில் கல்லூரி மாணவர்கள் விடுதிப் பொது அறைகளில் கூட்டமாக உட்கார்ந்து 'ஜெனரல் ஹாஸ்பிடல்' பார்த்தார்கள். வகுப்பு நேரத்தை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. நீல்சன் எண்ணியதோ வீடுகளை. விடுதி அதில் சேராது. வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவர்களை நீல்சன் கணக்கில் சேர்த்தது 2007 ஜனவரியில்தான். எந்த இளைஞர்களைப் பிடிக்க அத்தனை பாடுபட்டார்களோ, அவர்களில் பெரும்பகுதியைக் கணக்கே பார்க்கவில்லை.

இரவுத் தொடர்களைப் பற்றி இரண்டு வரி போதும். சிபிஎஸ்ஸின் 'டல்லாஸ்' தொடரில் ஜே.ஆர். என்ற பாத்திரத்தைச் சுட்டது யார் என்ற விடை 1980 நவம்பர் 21இல் வெளியானது. ரேட்டிங் 53.3, ஷேர் 76. ஏபிசி 'டைனஸ்டி'யைக் கொண்டுவந்து 1984-85இல் முதலிடத்தைப் பறித்தது. வாரம் ஒரு நாள் வரும் கதை அது. நான் பேசுவது வாரம் ஐந்து நாள், வருடம் முழுக்க வீட்டில் குடியிருந்த கதையைப் பற்றி.

சரி, பகல் போட்டியில் கடைசியில் ஜெயித்தது யார்? மான்டியின் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சிபிஎஸ்ஸில் 'தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்' 1973இல் தொடங்கியது. வில்லியம் பெல்லும் அவர் மனைவி லீ பிலிப் பெல்லும் உருவாக்கியது. பெல் 1998 வரை, 25 ஆண்டுகள், தானே தலைமை எழுத்தாளராக இருந்தார். அவசரப்படவே மாட்டார். ஒரு பகையை வருடக்கணக்கில் ஊறப்போடுவார். 1988 கடைசியில் முதலிடத்துக்கு வந்த அந்தத் தொடரை அதன்பின் எந்தத் தொடராலும் இறக்க முடியவில்லை. இன்னொருவர் டக்ளஸ் மார்லண்ட். மான்டியோடு ஒத்துப்போகாமல் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடரிலிருந்து விலகியவர். 1985இல் 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்' எழுத வந்ததும், ஓரங்கட்டப்பட்டிருந்த ஹியூஸ் குடும்பத்தை மறுபடி நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். ஹெலன் வாக்னரும் அந்த ஆண்டு திரும்பினார். புதிய எழுத்தாளர்களுக்கு மார்லண்ட் சொன்ன அறிவுரைகள் எளிமையானவை: முதலில் தொடரைப் பாருங்கள். பழைய கதையைப் படியுங்கள். ரசிகர் கடிதங்களைப் படியுங்கள். உங்களுக்குச் சலிப்பூட்டும் பாத்திரம் பார்ப்பவர்களுக்குப் பிடித்தமானதாக இருக்கலாம். நீல்சன் தாளில் இல்லாத ஒன்றை அந்தக் கடிதங்களில் தேடிய மனிதர் அவர்.

இந்தக் காலத்தின் வால் நம் வீடுகளுக்கும் வந்தது. 1990களின் தொடக்கத்தில் டிஷ் ஆன்டெனாவும் கேபிளும் வந்தபோது, 'சாண்டா பார்பரா'வும் 'தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்'லும் ஸ்டார் பிளஸ் வழியாக இந்தியா முழுக்க ஓடின. பின்னது பெல் தம்பதியர் 1987இல் தொடங்கிய தொடர். முன்னது என்பிசி நடத்தி, ரேட்டிங் போதவில்லை என்று 1993இல் நிறுத்தியது.

சரிவு ஒரே நாளில் வரவில்லை. பெண்கள் வேலைக்குப் போனார்கள். கேபிள் வந்து சேனல்கள் பெருகின. 1995இல் முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கு மாதக்கணக்கில் நேரலையாக ஓடியது. தொடர்கள் நாள் கணக்கில் தடைபட்டன. பழக்கம் விட்டுப்போனவர்களில் பலர் திரும்பவில்லை. போட்டி அதற்குக் கொடுத்த மருந்து, மேலும் அதிர்ச்சி. என்பிசியின் 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'ஸில் மார்லீனா என்ற டாக்டரைப் பேய் பிடித்தது. ரேட்டிங் கொஞ்ச காலம் ஏறத்தான் செய்தது. ஆனால் 'அனதர் வேர்ல்ட்' 1999இல் முடிந்தது. 2009இல் 'கைடிங் லைட்'. 2010 செப்டம்பரில் 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்'.

2011 ஏப்ரல் 14ஆம் தேதி ஏபிசி ஒரே அறிவிப்பில் 'ஆல் மை சில்ட்ரன்', 'ஒன் லைஃப் டு லிவ்' இரண்டையும் நிறுத்துவதாகச் சொன்னது. இரண்டும் அதே ஆக்னஸ் நிக்சன் உருவாக்கியவை. பார்வையாளர்கள் கொதித்துப்போனார்கள். வேக்யூம் கிளீனர் தயாரிக்கும் ஹூவர் நிறுவனம் எதிர்ப்பைக் காட்டி ஏபிசியிலிருந்து தன் விளம்பரத்தையே திரும்பப் பெற்றது. ஒரு விளம்பரதாரர் பார்வையாளர் பக்கம் வந்து நின்றது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி. நெட்வொர்க் அசையவில்லை. 'ஒன் லைஃப் டு லிவ்' 2012 ஜனவரி 13இல் முடிந்தது. செலவு குறைவு, இளையவர்கள் பார்ப்பார்கள் என்று அந்த இடத்தில் 'தி ரெவல்யூஷன்' என்ற உடல்நல நிகழ்ச்சியைப் போட்டார்கள். தொடர் பார்த்த கூட்டத்தில் ஒரு பகுதிதான் அதற்குக் கிடைத்தது. ஜூலை முதல் வாரத்தோடு அதையும் எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. இந்தச் சபையில் சீரியல் பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். கேள்வி கேட்பதோடு, நீங்கள் விடாமல் பார்த்த தொடர் எது, எந்த இடத்தில் அதை விட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மைக்கைக் கீழே அனுப்புகிறேன்.