விட்டுப்போன நாளுக்கு அடுத்த நாள்

வணக்கம். வியாசர்பாடி, கொடுங்கையூர், காசிமேடு, தண்டையார்பேட்டை என்று ஆளுக்கு ஒரு பக்கமிருந்து, வேலையை முடித்த கையோடு, சிலர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிரஷர் மாத்திரையை விடாமல் போடுங்கள், சுகர் பாருங்கள், புகையிலையை நிறுத்துங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்கிற வேலை நம்முடையது. இதற்காக ஒரு திட்டம் போடும்போது முதல் நாளைப் பற்றித்தான் நிறைய யோசிக்கிறோம். முகாம் எங்கே, பேனர் யார் கட்டுவது, மைக் செட் எவ்வளவு, எத்தனை பேர் வருவார்கள் என்று. ஒருவர் மாத்திரையை விட்டுவிட்ட நாளைப் பற்றியும், அதற்கு அடுத்த நாள் அவர் என்ன செய்வார் என்பதைப் பற்றியும் நாம் உட்கார்ந்து யோசிப்பதே இல்லை. இன்றைக்கு நான் பேசப்போவது அதை மட்டும்தான்.

வியாசர்பாடியில் இட்லிக் கடை போடும் ஒரு அக்கா. பிரஷர் மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் போய் உட்கார்ந்து பக்கவாதம், சிறுநீரகம் என்று ஆரம்பித்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் தெரியும்மா, எங்க அம்மாவே அப்படித்தான் ஒரு கை, கால் இழுத்துக்கினு படுத்துச்சு. நடுவுல ஊருக்குப் போயிட்டேன், மாத்திரை தீந்துபோச்சு. இப்ப சீட்டை எடுத்துனு போனா இத்தினி நாள் எங்க போனன்னு எல்லார் எதிர்லயும் கத்துவாங்க. அதான் போவல."

அவருக்குத் தெரியாத எதையும் நான் சொல்லவில்லை. மாத்திரை தீர்ந்தது ஒரு வாரப் பிரச்சினை, அதை இரண்டு மாதமாக இழுத்தது அந்த வெட்கம். நம் திட்டத்தில் உள்ளே வர ஒரு வாசல் இருந்தது, விட்டுப்போனவர் திரும்பி வர வாசலே இல்லை.

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறோம். லண்டனில் ஃபிலிப்பா லாலியும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் ஒரு சின்னச் செயல், சாப்பாட்டோடு ஒரு பழம், சாப்பிடும் முன் கொஞ்ச தூரம் ஓட்டம், அப்படி. அது யோசிக்காமல் தானாக நடக்கும் அளவுக்குப் படிய நடுவாக 66 நாள் ஆனது. அந்த 12 வாரப் போக்கை வைத்து அவர்கள் போட்ட கணக்குப்படி ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள். இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் படிவது பெரிதாகக் கெடவில்லை. ஒரு நாள் போனால் எல்லாமே போச்சு என்று நினைத்து மொத்தமாகக் கைவிடுகிறோமே, கெடுதல் அதில்தான். (மாத்திரையில் மட்டும் ஒன்று கவனம். நேற்று விட்டதற்கும் சேர்த்து இன்றைக்கு இரண்டாகப் போடச் சொல்லாதீர்கள். காசநோய் மருந்து என்றால் ஒரு வேளை தவறினாலும் உடனே மருத்துவமனைக்குத் தெரிய வேண்டும், அடிக்கடி விட்டால் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் போய்விடும்.)

இந்த விஷயத்தில் நம் ஊரே உலகத்துக்குப் பாடம் சொல்லியிருக்கிறது, அது நமக்கே அவ்வளவாகத் தெரியாது. 1956-இல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்து, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, ஓய்வெடுத்தால்தான் தேறும் என்பது டாக்டர்களின் நம்பிக்கை. அந்த மையம் சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவைச் சானடோரியத்துக்கு அனுப்பியது, இன்னொரு பிரிவுக்கு அதே மருந்தை ஒரு வருடம் வீட்டில் வைத்தே கொடுத்தது. நெரிசலான வீடு, போதாத சாப்பாடு, வேலைக்கும் போயாக வேண்டும். 1959-இல் முடிவு வந்தபோது வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். கூட வசித்தவர்களுக்கும் நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதைத் தொடர்ந்து பார்த்து உறுதி செய்தார்கள்.

ஆனால் மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பியதோடு அவர்கள் விடவில்லை. திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். மனிதர்கள் மருந்தை விடுவார்கள் என்று முதலிலேயே எதிர்பார்த்து அதற்கும் சேர்த்து வேலையை அமைத்திருந்தார்கள். அந்தக் கவனிப்பைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன், போலீஸ் வேலையாக ஆக்காமல்.

சரி, விடாமல் இருக்க என்ன செய்யலாம்? பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் சொன்ன வழி எளிது. "தினமும் மாத்திரை போடுவேன்" என்று முடிவெடுப்பதைவிட, "டீயை இறக்கினதும் மாத்திரை" என்று ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு கட்டிவைத்தால் அது நடக்கும் வாய்ப்பு அதிகம். போனில் நினைவூட்டல் அனுப்பிப் பார்த்தோம். போன் மகன் கையில், மகன் ஷிஃப்டில். டீ அப்படி இல்லை, அது எல்லா வீட்டிலும் தினமும் நடக்கிறது. டாக்டர் சொன்ன நேரத்துக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இதிலும் ஒரு இடத்தில் தவறினோம். காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு கரையில், ஆண்கள் வீட்டில். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று அப்போதுதான் மாத்திரையைத் தொடங்கி வைத்தோம், நன்றாகவே போனது. ஜூன் 15-க்குப் பிறகு ஒவ்வொருவராக விட்டார்கள். காலை டீ, மனைவி எடுத்துக் கொடுப்பது, அலமாரி மேலிருந்த டப்பா எல்லாமே கரையில் நின்றுவிட்டன. பத்து நாள், அதற்கு மேலும் கடலில் இருப்பவருக்கு நாள் நடப்பதே வேறு மாதிரி. வலை இழுத்து முடித்துச் சாப்பிட உட்காருவதுதான் அங்கே நிலையான நேரம். நாங்கள் போய்க் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 30 கட்டம் போட்ட ஒரு அட்டை அடித்துக் கொடுத்தோம், மாத்திரை போட்டால் டிக். நல்ல யோசனை என்றுதான் நானும் நம்பினேன். நாலு கட்டம் காலியானதும் அட்டையையே காட்ட மறுத்தார்கள், "எங்கயோ வெச்சுட்டேன்மா" என்பார்கள். நம்மைக் கண்டால் வீட்டுக்குள் போய்விடுவார்கள். விட்டதைக் காட்டிக்கொடுக்கிற அட்டையை யார் சுவரில் மாட்டுவார்கள்?

இப்போது அட்டையில் கட்டம் இல்லை. மாத்திரை தீரும் தேதி, அதற்கு மூன்று நாள் முன்னால் நாம் வரும் தேதி, அவ்வளவுதான். போனதும் "ஒழுங்கா போட்டீங்களா?" என்று கேட்பதையும் நிறுத்திவிட்டோம், அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் வரும். "இந்த வாரம் எந்த நாள் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். கல்யாண வீடு, ராத்திரி வேலை, கையில் காசில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகாத செவ்வாய்க்கிழமை எல்லாம் வெளியே வரும். இட்லிக் கடை அக்காவோடு நானே ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றேன். அன்று யாரும் திட்டவில்லை.

தடைக்காலம் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் படகில் சமைக்கிறவர்கள் நாலைந்து பேரிடமாவது பேசிவிட வேண்டும். கடலில் எத்தனை மணிக்குச் சாப்பாடு, மாத்திரை டப்பாவை நனையாமல் எங்கே வைக்கலாம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை துறைமுகத்துக்குப் போகிறோம், வரமுடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.