கிணற்றில் விழுந்த பந்து

நடுவர் அவர்களுக்கும், எதிரணியினருக்கும், உட்கார இடமில்லாமல் பந்தலோரம் நிற்கிறவர்களுக்கும் வணக்கம்.

பள்ளி விளையாட்டுக்கு மாணவரிடம் கட்டணம் வாங்கலாமா? கூடாது என்பது எங்கள் கட்சி. எனக்கு முன் பேசிய அண்ணன் ஒரு போடு போட்டார். "ஓசியில் கொடுத்தால் பந்தைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பான், காசு கட்டினவனுக்குத்தான் பந்தின் அருமை தெரியும்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். சரி, அதையே பார்த்துவிடுவோம்.

நான் ஒன்பதாவது படித்தபோது எங்கள் பள்ளி வாலிபால் அணியில் சேர 150 ரூபாய். கட்டினவர்கள் 12 பேர், நானும் ஒருவன். என் வகுப்புத் தோழன் ஒருவனால் கட்ட முடியவில்லை. எங்கள் எல்லோரையும்விட நன்றாக அடிப்பான். தினமும் சாயங்காலம் சுற்றுச்சுவர் மேல் உட்கார்ந்து எங்கள் ஆட்டத்தைப் பார்ப்பான்.

ஒருநாள் நான் அடித்த அடியில் பந்து சுவரைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டக் கிணற்றில் விழுந்துவிட்டது. படி இல்லாத கிணறு. 12 பேரும் எட்டிப் பார்க்கிறோம், பந்து நடுவில் மிதக்கிறது. "போனால் போகுது, வேறு வாங்குவார்கள்" என்றான் ஒருவன். தொப்பென்று ஒரு சத்தம்! சுவரில் இருந்தவன் குதித்துவிட்டான்! நடுவர் அவர்களே, திரும்பவும் சொல்கிறேன், காசு கட்டினவன் நின்றான், கட்டாதவன் குதித்தான்!

பம்புசெட் குழாயைப் பிடித்து மேலே ஏறி வந்தான். முழங்கை சிராய்த்து ரத்தம். அதைத் துடைக்கவில்லை. சட்டையைக் கழற்றிப் பிழிந்து, பந்தின் தையலில் ஒட்டியிருந்த பாசியைத் துடைத்தான். என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி சுவரில் போய் உட்கார்ந்துகொண்டான். வா, ஒரு ஆட்டம் ஆடு என்று எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணே, இப்போது சொல்லுங்கள், பந்தின் அருமை யாருக்குத் தெரிந்தது?

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், பள்ளிக்கு மைதானம் வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுச் சாமான் வேண்டும் என்கிறது. கரும்பலகையைப் பார்க்கத் தனிக் காசு கேட்போமா?

சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. 5 வயதில் பேருந்துச் சக்கரம் ஏறி வலது கால் நசுங்கிய பிள்ளை. அம்மா செங்கல் சுமந்தார், காய்கறி விற்றார். அந்தப் பிள்ளையை உயரம் தாண்டத் தூண்டியவர் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம்! அந்த ஆசிரியர் அன்றைக்கு "முதலில் பணத்தைக் கட்டு" என்று சொல்லியிருந்தால்?

என் தோழனிடமே வருகிறேன். மாவட்டப் போட்டிக்கு நாங்கள் கிளம்பிப் போன அன்று மதியம் அவன் அம்மா பள்ளிக்கு வந்தார்களாம். களையெடுத்த சேறு காலில் காயவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, பத்தும் இருபதுமாக மேசையில் எண்ணி வைத்தார்களாம். 150 சரியாக இருந்தது.

வேன் காலையிலேயே போய்விட்டது.