எதிர்க்குன்றில் நில்லுங்கள்: கிரனாடாவில் கேமராவோடு

தலைவர் அவர்களே, கேமராவைக் கழுத்தில் மாட்டியபடியே வந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

ஸ்பெயினுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எங்கே நின்றால் படம் நன்றாக வரும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "எந்த மாதம் போகிறீர்கள்? எத்தனை மணிக்கு நிற்கப் போகிறீர்கள்?" அதோடு பலர் வேறு ஆளைப் பார்க்கப் போய்விடுவார்கள். இன்றைக்குக் கதவுக்குப் பக்கத்தில் செயலாளர் நிற்கிறார், நீங்கள் தப்ப முடியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்பெயின் முழுவதையும் பேசினால் இரவாகிவிடும். ஒரே ஊரை எடுத்துக்கொள்வோம். தெற்கே அந்தலூசியாவில் இருக்கும் கிரனாடா. பார்சிலோனாவை விட்டுவிட்டு இதை ஏன் எடுத்தேன் என்றால், எங்கே நிற்பது என்ற கேள்விக்கு இந்த ஊரின் நில அமைப்பே பாதி விடை சொல்லிவிடுகிறது. நடுவில் தார்ரோ என்று ஒரு சின்ன ஆறு. ஆற்றுக்குத் தெற்கே ஒரு குன்று, அதன்மேல் அல்ஹம்ப்ரா கோட்டையும் அரண்மனைகளும். வடக்கே இன்னொரு குன்று, அதன்மேல் அல்பைசீன் என்கிற பழைய குடியிருப்பு. வெள்ளைச் சுவர், ஓட்டுக்கூரை, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். தென்கிழக்கே, இவை எல்லாவற்றுக்கும் பின்னால், சியரா நெவாடா மலைத்தொடர். அதில் வெலேட்டா என்ற சிகரம் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரம். குளிர்காலம் முழுக்கப் பனி மூடியிருக்கும்.

வரலாற்றை இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறேன். 13-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கே நஸ்ரி வம்சத்து சுல்தான்கள் ஆண்டார்கள். 1492 ஜனவரி 2 அன்று கடைசி சுல்தான் போவப்தில், கிறிஸ்தவ அரச தம்பதி இசபெல்லா-ஃபெர்டினாண்டிடம் ஊரை ஒப்படைத்தார். அல்ஹம்ப்ராவை யுனெஸ்கோ 1984-லும் அல்பைசீனை 1994-லும் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கிரனாடாவுக்கு வருகிற எல்லோரும் நேரே அல்ஹம்ப்ராவுக்குள் போய் அல்ஹம்ப்ராவைப் படம் எடுக்கப் பார்க்கிறார்கள். உள்ளே போய்விட்டால் அது எங்கே தெரியும்? சுவர் தெரியும், வாசல் தெரியும், தூண் தெரியும். கோட்டை குன்றின்மேல் கப்பல் மாதிரி நீண்டு கிடக்கிற அந்த முழு உருவம் தெரிய வேண்டுமானால் எதிரே அல்பைசீனில் ஏறி நிற்க வேண்டும். அதே கணக்கில், அல்பைசீனின் வெள்ளை வீடுகள் அடுக்கடுக்காக வேண்டுமானால் அல்ஹம்ப்ராவின் கோட்டைக் கோபுரத்தில் ஏற வேண்டும். எதைப் படம் எடுக்க ஆசைப்படுகிறீர்களோ, அதன் எதிர்க்குன்றுக்குப் போங்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான். மற்றதெல்லாம் வெயில் கணக்கு.

வெயில் கணக்கைச் சொல்கிறேன். சான் நிக்கோலாஸ் என்ற தேவாலயத்துக்கு முன்னால் ஒரு சதுக்கம் இருக்கிறது. அல்ஹம்ப்ராவின் புகழ்பெற்ற படம் அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. 1997-ல் அமெரிக்க அதிபர் கிளின்டன் இங்கே வந்து சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டுப் போனார், அதன் பிறகு கேட்க வேண்டுமா! சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு குட்டைச் சுவர். சாயங்காலம் அதில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பவர்களின் முதுகைத்தான் நீங்கள் முதலில் படம் எடுப்பீர்கள். கிதார் வாசிப்பவர்கள், வளையல் விற்பவர்கள், செல்ஃபி கம்புகள், எல்லாம் உண்டு.

இங்கே நின்றால் நீங்கள் பார்ப்பது தெற்குத் திசை. ஜூன் மாதத்தில் சூரியன் வடமேற்கில் விழுகிறது, அதாவது உங்கள் முதுகுப்பக்கம் வலது தோளுக்குப் பின்னால். கோட்டையின் வடக்குச் சுவர்மேல் வெளிச்சம் நேராகப் போய் விழும். அந்தச் செம்மண் சுவர் சிவக்கிறதே, அது கோடை மாலையின் படம். டிசம்பரில் அதே இடத்தில் நின்றால் சூரியன் தென்மேற்கில் இறங்கும். வடக்குச் சுவர் நிழலில் கிடக்கும், கோபுரங்களின் மேற்கு முகங்களில் மட்டும் வெளிச்சம் பிடிக்கும். ஆனால் பின்னால் மலையில் பனி இருக்கும், அந்தப் பனி மாலையில் இளஞ்சிவப்பாக மாறும். ஆக, சிவந்த கோட்டை வேண்டுமா, பனிமலை வேண்டுமா என்று விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே பயணத்தில் இரண்டும் முழுமையாகக் கிடைப்பது அரிது. குளிர்காலத்துக் காலையிலோ மதியத்திலோ சான் நிக்கோலாஸுக்குப் போனால் சூரியன் உங்கள் கண்ணுக்கு நேரே நிற்கும். கோட்டை கறுப்பு அட்டையில் வெட்டிய மாதிரி வரும். அது வேண்டும் என்றால் சரி. இல்லையென்றால் அந்த நேரத்தில் சாப்பிடப் போங்கள்.

கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பெயின் இருக்கும் இடத்துக்கு அது லண்டன் நேரத்தைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 1940-ல் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, இன்று வரை அப்படியே இருக்கிறது. கோடையில் இன்னும் ஒரு மணி நேரம் கூட. விளைவு, ஜூன் மாதம் கிரனாடாவில் உச்சி வெயில் பகல் இரண்டே காலுக்கு; சூரியன் மறைவது இரவு ஒன்பது நாற்பது வாக்கில். நம்மவர்கள் ஆறு மணிக்கு மேலே ஏறி, கண்கூசும் வெயிலில் பத்துப் படம் எடுத்துவிட்டு, பசிக்கிறது என்று ஏழரைக்கு இறங்கிவிடுகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் ஒன்பது மணிக்கு முன் இரவுச் சாப்பாட்டை நினைப்பதே இல்லை, நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் இதற்கு நேர்மாறு: சூரியன் எழுவது எட்டு இருபதுக்கு மேல். விடியற்காலைப் படம் எடுக்க விரும்பும் சோம்பேறிகளுக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது.

இன்னொன்று. சென்னையில் சூரியன் விழுந்ததும் மளமளவென்று இருட்டிவிடும். கிரனாடா 37 பாகை வடக்கே இருக்கிறது, அங்கே அந்தி அரை மணி நேரம் நிற்கும். கூட்டத்தில் பாதிப் பேர் சூரியன் மறைந்ததும் கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் இருங்கள். கோட்டையின் விளக்குகள் எரிந்து, வானம் இன்னும் நீலமாக இருக்கும் அந்த இடைவேளையில் சுவரின் வெளிச்சமும் வானத்தின் வெளிச்சமும் சமமாக வரும். ஒரே எக்ஸ்போஷரில், அதாவது கேமராவுக்குள் விடும் ஒரே ஒளி அளவில், இரண்டும் அடங்கும். குட்டைச் சுவரும் அப்போது காலியாகியிருக்கும்.

சான் நிக்கோலாஸில் நிற்க இடமே இல்லை என்றால்? பக்கத்திலேயே 2003-ல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. அதன் தோட்டத்திலிருந்து இதே காட்சி, கூட்டம் குறைவு. திறந்திருக்கும் நேரம் பார்த்து, வழிபடுபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் போய் வர வேண்டும். எனக்கு அதைவிடப் பிடித்தது கார்வஹாலெஸ் என்ற குட்டிச் சதுக்கம். அது குன்றின் அடிப்பக்கம் இருக்கிறது. கோட்டை அங்கிருந்து கிட்டத்தில், தலைக்கு மேலே எழுந்து நிற்கும். பனிமலையை எதிர்பார்த்து அங்கே போகாதீர்கள்; கோபுரத்தின் கனத்தைக் காட்டத்தான் அந்த இடம்.

பனிமலையைப் பெரிதாகக் காட்டுவது எப்படி என்று முன்வரிசைத் தம்பி சைகையிலேயே கேட்கிறார். பெரிய லென்ஸ் மாட்டினால் போதும் என்று நினைக்கிறோம். ஒரே இடத்தில் நின்று லென்ஸை மாற்றினால் கோட்டையும் பெரிதாகும், மலையும் பெரிதாகும், விகிதம் மாறாது. கோட்டையைவிட்டு நீங்கள் விலகிப் போக வேண்டும். கோட்டை சான் நிக்கோலாஸிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, மலையோ இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். நீங்கள் இன்னும் சில நூறு மீட்டர் பின்னால், மேலே சான் கிறிஸ்டோபல் பக்கம் ஏறினால் கோட்டை சுருங்கும், மலை சுருங்காது. அங்கிருந்து நீள லென்ஸில் இழுத்தால் மலை கோட்டையின்மேல் கவிந்து நிற்கும். சான் கிறிஸ்டோபலில் இன்னொரு லாபம், 11-ஆம் நூற்றாண்டுக் கோட்டை மதில் முன்னால் வரும்.

அதற்கும் மேலே சான் மிகேல் ஆல்டோ. மூச்சு வாங்கும் படிகள். சான் நிக்கோலாஸையே அங்கிருந்து கீழே பார்க்கலாம். குளிர்காலத்தில் சூரியன் ஊருக்கு அப்பால், சமவெளிப் பக்கம் விழும். இடது ஓரத்தில் அல்ஹம்ப்ரா. இறங்கும்போது இருட்டியிருக்கும், ஒரு டார்ச்சும் ஒரு துணையும் இருந்தால் நல்லது.

இப்போது எதிர்ப்பக்கம் போவோம். அல்ஹம்ப்ராவின் மேற்கு முனையில் வேலா கோபுரம். உச்சியில் ஒரு மணி தொங்குகிறது. ஜனவரி 2 அன்று கல்யாணமாகாத பெண்கள் அதை அடித்தால் அந்த வருடத்துக்குள் கல்யாணம் ஆகும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை, அன்றைக்கு வரிசை நிற்கும். நமக்கு வேண்டியது அங்கிருந்து தெரியும் வடக்கு. அல்பைசீனைப் பார்த்து நின்றால் நாளின் பெரும்பகுதி சூரியன் உங்கள் முதுகில்தான். எந்த நேரத்துக்கு டிக்கெட் கிடைத்தாலும் அதிகம் கவலைப்பட வேண்டாத இடம் அது. ஒரே எச்சரிக்கை, நண்பகலில் வெள்ளைச் சுவர்கள் வெளிறிப்போகும், எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அரண்மனைக்குள்ளே ஒரே ஒரு முற்றத்தைப் பற்றிப் பேசுகிறேன். மிர்ட்டில் செடி வேலி இரண்டு பக்கமும் ஓட, நடுவில் 34 மீட்டர் நீளமுள்ள குளம். வடக்கு முனையில் 45 மீட்டர் உயரக் கோமாரெஸ் கோபுரம். குளத்தின் இரு முனைகளிலும் தரையோடு தரையாக ஒரு வட்டப் பளிங்குத் தொட்டி. அதில் பொங்கும் நீர் குறுகிய வாய்க்கால் வழியாக மெதுவாகக் குளத்தில் இறங்குகிறது. நீர்ப்பரப்பு கலங்காமல் கண்ணாடியாக நிற்க வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. தெற்கு முனையில், நீர் விளிம்புக்கு முடிந்தவரை கிட்டே நில்லுங்கள். பின்தள்ளிக் குந்தி உட்கார்ந்து எடுத்தால் கோபுரத்தின் தலை தண்ணீரில் வெட்டுப்படலாம். விளிம்பை நெருங்கி நின்றால் முழுக்க விழும். தண்ணீர் நிழலிலும் கோபுரம் வெயிலிலும் இருக்கும்போதுதான் பிம்பம் அடர்த்தியாக வரும். குளிர்காலத்து முற்பகலில் அது கிடைக்கும்.

உள்ளே ட்ரைபாட் கூடாது, ஃப்ளாஷ் கூடாது. அதனால் இரு சகோதரிகள் மண்டபத்தில் மேலே பார்த்து எடுக்கும்போது ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றத் தயங்காதீர்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன மாடக்குழிகளால் ஆன கூரை அது. கூரைக்குக் கீழே சுற்றிலும் இருக்கும் ஜன்னல்களிலிருந்துதான் வெளிச்சம், அது நகர நகர நிழல்களும் நகரும். போன் வைத்திருப்பவர்கள் முன்பக்கக் கேமராவைத் திறந்து போனை உள்ளங்கையில் மல்லாக்க வைத்துக்கொண்டு நடுவில் நின்றால், கழுத்து வலிக்காமல் நேர்கோடாக வரும். சிங்க முற்றத்தில் பன்னிரண்டு பளிங்குச் சிங்கங்கள், புதுப்பிக்கப்பட்டு 2012-ல் திரும்ப வந்தவை. எல்லோரும் சிங்கத்தைத்தான் எடுக்கிறார்கள். 124 தூண்கள் சுற்றி நிற்கின்றன, அவற்றின் இடையில் புகுந்து விளையாடுங்கள்.

ஆற்றோரத் தெருவான கர்ரேரா தெல் தார்ரோவுக்கு அதிகாலை. கடைகள் திறந்து, சின்ன பஸ் ஓட ஆரம்பித்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். தெரு முடிவில் பசேயோ தெ லோஸ் திரிஸ்தெஸ், கோட்டைக்கு நேர் கீழே. அது விளக்கு ஏற்றியபின் போக வேண்டிய இடம். சாக்ரோமோந்தே குகை வீடுகளில் ஃபிளமெங்கோ நடனம் பார்க்கப் போனால், ஆடுபவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். கதீட்ரலைச் சுற்றி நெருக்கடி, முழு முகப்பும் சட்டத்துக்குள் அடங்காது. உள்ளே போய் வெள்ளைத் தூண்களை எடுங்கள். அங்கே ஒரு பெண்மணி ரோஸ்மேரிக் கொத்து நீட்டினால் கேமராவிலிருந்து கையை எடுக்காதீர்கள். வாங்கிவிட்டால் கைரேகை பார்த்துவிட்டுக் காசு கேட்பார்.

கடைசியாக டிக்கெட், ஏனென்றால் முதல் கேள்வியே அதுவாகத்தான் வரும். நஸ்ரி அரண்மனைகளுக்கு அரை மணி அரை மணியாக நுழைவு நேரம் ஒதுக்குகிறார்கள். அந்த நேரத்தைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அப்படியே கொடுங்கள், வாசலில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சீசனில் வாரக்கணக்கில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். ஒதுக்கிய நேரம் நுழைவதற்குத்தான், உள்ளே போனபின் துரத்துவதில்லை. ஆனால் ஒருவழிப் பாதை, தாண்டிய முற்றத்துக்குத் திரும்ப முடியாது. ஆகவே உங்கள் குழுவின் வாலில் நுழையுங்கள். முன்னால் போனவர்கள் அடுத்த அறைக்கு நகர்ந்து, அடுத்த அரை மணிக் கூட்டம் வருவதற்குள் குளத்தோரம் சில நிமிஷம் ஆளில்லாமல் இருக்கும். டிக்கெட்டே கிடைக்கவில்லை என்றாலும் 1348-ல் கட்டிய நீதி வாசலும் ஐந்தாம் சார்லஸ் அரண்மனையின் வட்ட முற்றமும் இலவசம்தான். இனிக் கேள்விகளைக் கேட்கலாம். முதலில் முன்வரிசைத் தம்பி, இந்தத் தடவை வாயைத் திறந்து.