மிக்டெக்கா, டெக் லைவா?

அடுத்த கேள்வி கொஞ்சம் நீளம், சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லேடெக் என்பது கட்டளைகளோடு எழுதியதை அச்சுக்கோத்துப் பிடிஎஃப் ஆக்கித் தரும் முறை; அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டத் தேவையான மென்பொருள் தொகுப்புகள்தான் மிக்டெக்கும் டெக் லைவும். எம்.எஸ்சி. கணிதம் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "ஆய்வேட்டை லேடெக்கில்தான் தர வேண்டுமாம். வீட்டில் விண்டோஸ் லேப்டாப், நெட்டுக்குப் போன் ஹாட்ஸ்பாட். மிக்டெக் போடுவதா, டெக் லைவ் போடுவதா? முன்னுரையில் ஒரு பக்கம் தமிழும் வரும்."

ஹாட்ஸ்பாட் என்று சொன்னீர்கள் பாருங்கள், முடிவு அதில்தான் இருக்கிறது. மிக்டெக் முதலில் கொஞ்சமாகத்தான் இடம் பிடிக்கும். புதிதாக ஒரு பேக்கேஜ், அதாவது லேடெக்குக்குக் கூடுதல் வசதி தரும் துணைக் கோப்புகள், தேவைப்பட்டால் அந்த நேரத்தில் நெட்டிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். வீட்டில் ஃபைபர் இருந்தால் வசதிதான். ஆனால் ஆய்வேடு கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி டேட்டா தீர்ந்துபோய், ஒரு பேக்கேஜுக்காக அத்தியாயம் முழுக்க நின்றால்?

அதனால் உங்களுக்கு டெக் லைவ், அதுவும் முழுசாக. 8 ஜிபி போல இடம் வேண்டும். ஹாட்ஸ்பாட்டில் இறக்காதீர்கள். கல்லூரி லேபிலோ தோழி வீட்டிலோ ஐஎஸ்ஓ கோப்பாக (எல்லாம் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். அது 5 ஜிபிக்கு மேல் இருக்கும், பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் ஃபார்மேட் ஆகியிருந்தால் அவ்வளவு பெரிய ஒரே கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் இடம் நெருக்கடியா? இன்ஸ்டால் செய்யும்போது ஆவணங்கள், மூலநிரல் இரண்டுக்கும் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள், கணிசமாகக் குறையும். எழுத டெக்ஒர்க்ஸ் என்ற எடிட்டர் கூடவே வந்துவிடும்.

டெக் லைவ் வருஷத்துக்கு ஒரு முறை புதிதாக வரும். ஆய்வேடு பாதியில் இருக்கும்போது மாற்ற வேண்டாம். இருப்பதை வைத்தே முடியுங்கள்.

அப்புறம் தமிழ். இதற்கு மிக்டெக், டெக் லைவ் இரண்டும் ஒன்றுதான், இரண்டிலும் யூனிகோட் எழுத்துருக்களை நேரடியாக எடுத்துக்கொள்ளும் ஸீலேடெக் இருக்கிறது. பிடிஎஃப் உண்டாக்க வழக்கமாக ஓட்டும் பிடிஎஃப்லேடெக்கை விட்டுவிட்டு ஸீலேடெக்கில் ஓட்டுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி ஒரு யூனிகோட் எழுத்துருவைப் போட்டு, எழுத்துருவைச் சொல்லும் வரியில் Script=Tamil என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது விட்டுப்போனால் 'கொ' என்பதில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறி நிற்கும். எழுத்துருதான் கெட்டுப்போய்விட்டதோ என்று அதை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு நாளைத் தொலைத்தவன் சொல்கிறேன்.