ஊசிக்குத் தனிப் பணமா, எல்லாம் சேர்த்து ஒரே தொகையா?

வணக்கம். மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு தடவைக்கு எல்லாம் சேர்த்து ஒரே தொகைதான் மருத்துவமனைக்குக் கிடைக்கும் என்று அங்கே சொன்னார்களாம். "அப்படியானால் அப்பாவுக்குப் போட வேண்டிய ஊசியைக் குறைத்துவிட மாட்டார்களா? ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பணம் வாங்கும் இடத்துக்கு அழைத்துப் போனால் நன்றாகக் கவனிப்பார்களா?" என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் தனித்தனியாகப் பில் போடும் இடத்திலும் ஆபத்து உண்டு. அது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் அதே ஊசியை வைத்து அமெரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்ததைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அந்த ஊசியின் பெயர் எரித்ரோபொய்டின். நம் நோயாளிகள் ஈ.பி.ஓ. ஊசி என்பார்கள். ரத்தம் ஊறுவதற்குத் தேவையான சுரப்பைச் சிறுநீரகம்தான் தருகிறது. சிறுநீரகம் கெட்டால் அதுவும் குறைந்துவிடும், ஆகவே வெளியிலிருந்து ஊசியாகக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1989-இல் இதற்கு அனுமதி கிடைத்தது. அங்கே டயாலிசிஸ் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு மெடிக்கேர் என்ற அரசுக் காப்பீடுதான் பணம் கொடுக்கிறது. 1972-இல் வந்த சட்டத்தின் ஏற்பாடு அது.

மெடிக்கேர் முதலில் ஒரு விதி வைத்தது. 10,000 யூனிட்டுக்குள் எவ்வளவு போட்டாலும் ஒரு தடவைக்கு 40 டாலர். 2,000 யூனிட் போட்டாலும் 40, 8,000 போட்டாலும் அதே 40. மருந்தை வாங்குவதோ நிலையத்தின் கைக்காசில். விளைவு என்ன தெரியுமா? சராசரி அளவு 3,000 யூனிட்டைக்கூட எட்டவில்லை. பலருக்கு ரத்தம் போதுமான அளவு ஊறவே இல்லை. நீங்கள் இன்றைக்குப் பயப்படுவது அன்றைக்கு நடந்திருக்கிறது.

1991-இல் விதியை மாற்றினார்கள். 1,000 யூனிட்டுக்கு 11 டாலர், போடப் போடப் பணம். அன்றிலிருந்து அளவு ஏறத் தொடங்கியது, ஏறிக்கொண்டே போயிற்று. முதலில் அது நல்லதாகத்தான் இருந்தது; சோர்ந்து கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் எங்கே நிறுத்துவது? 1998-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இதய நோயும் இருந்த 1,233 டயாலிசிஸ் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் ஊசியைக் கூட்டி, ரத்தச் சிவப்பணுக்களின் அளவை ஆரோக்கியமானவர்களின் அளவுக்கு உயர்த்திப் பார்த்தார்கள். அந்தப் பிரிவில் இறப்பும் மாரடைப்பும் கூடுதலாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் நாட்டில் ஊசியின் அளவு குறையவில்லை! 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மருந்தின் விவரச்சீட்டில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட வைத்தது. அந்தக் காலத்தில் இந்த ஒரு மருந்துக்கு மட்டும் மெடிக்கேர் ஆண்டுக்குச் சுமார் 200 கோடி டாலர் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதைக் கேட்டுவிட்டு மருத்துவர்கள் எல்லோரும் பணத்துக்காக ஊசி போட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கூடுதலாகக் கொடுத்தால் நோயாளிக்கு நல்லது என்று மனதார நம்பியவர்கள் நிறையப் பேர். அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்க வேண்டிய அவசியத்தைப் பணம் கொடுத்த முறை ஏற்படுத்தவில்லை, அவ்வளவுதான். எனக்கு மனம் வலிப்பது அங்கேதான்.

2011 ஜனவரியில் மூன்றாவது முறை வந்தது. டயாலிசிஸ், ஊசிகள், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தடவைக்கு அடிப்படைத் தொகை சுமார் 230 டாலர். ஊசியின் அளவு விரைவாக இறங்கியது. இறப்பு கூடவில்லை, பக்கவாதம் குறைந்தது. செலவும் கட்டுக்குள் வந்தது. ஆனால் ரத்தம் ஏற்ற வேண்டிய தேவை சற்றுக் கூடியது. மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. பிறர் ரத்தம் ஏறும்போது உடலில் எதிர்ப்புப் பொருள்கள் உண்டாகி, பின்னால் கிடைக்கும் சிறுநீரகம் பொருந்தாமல் போகலாம். அதனால் ஒரே தொகையோடு கண்காணிப்பையும் சேர்த்தார்கள். 2012 முதல், தர அளவுகளை எட்டாத நிலையத்துக்கு 2 சதவீதம் வரை பணத்தைப் பிடித்தார்கள். ரத்தம் ஏற்றும் கணக்கும் பிறகு அந்த அளவுகளில் சேர்ந்தது.

இனி உங்கள் அப்பா. என் பெரியம்மாவுடன் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் பல மாதம் உட்கார்ந்திருக்கிறேன். இயந்திரத்தின் திரையில் மீதி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தால், இருபது நிமிடம் மீதி இருக்கும்போதே குழாயைக் கழற்ற வருவார்கள். பெரியம்மாவும் வீட்டுக்குப் போகும் ஆசையில் சரி என்றுவிடுவார். ஒரே தொகை முறையில் ஊசிக்கு முன்னால் களவு போவது இந்த நிமிடங்கள்தான். பில்லில் இது எங்கும் தெரியாது.

ஆகவே ஒரு சிறு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தடவையும் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது என்று எழுதுங்கள். மருத்துவர் நான்கு மணி நேரம் எழுதியிருந்தால் நான்கு மணி நேரம் ஓட வேண்டும். மாதம் ஒருமுறை ஹீமோகுளோபின் அளவையும், டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடுத்த யூரியா அளவையும் கேட்டு வாங்குங்கள். யூரியா குறைந்தது 65 சதவீதமாவது இறங்கியிருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழேயே நின்றால், இரும்புச்சத்து பார்த்தீர்களா, ஈ.பி.ஓ. அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். 13-ஐத் தாண்டினால் மகிழ்ச்சி அடையாதீர்கள், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தம் ஏற்றலாம் என்றால், மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம் அல்லது செய்யப் போகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

இரண்டு மூன்று மாத எண்கள் கையில் இருக்கட்டும். அவை ஒழுங்காக இருந்தால், ஒரே தொகை என்ற காரணத்துக்காக மட்டும் அப்பாவை இடம் மாற்ற வேண்டாம். ஒழுங்காக இல்லை என்றால் அந்த நோட்டோடு போய் மருத்துவரைப் பாருங்கள்.