ஆப்பிள் சைடர் வினிகர்: பளபளப்பு நிஜம், ஆப்பிள் சும்மா!

முடி பளபளக்கும், பொடுகு போகும், கொட்டின இடத்தில் புதிதாக முளைக்கும். ஒரே பாட்டிலுக்கு மூன்று வாக்குறுதி. விலையோ சாதாரண வினிகரைப் போலப் பல மடங்கு. வணக்கம் மக்களே! இந்த மூன்றில் ஒன்று நிஜம், மற்ற இரண்டும் ரீல்ஸில் விடுகிற ரீல். அந்த நிஜமான ஒன்றுக்கும் ஆப்பிளுக்கும்கூட சம்பந்தம் இல்லை.

இது எப்படித் தயாராகிறது என்று ஐந்து நிமிடம் ஓட்டலாம், வேண்டாம். ஆப்பிள் சாற்றை ஈஸ்ட் சாராயமாக்குகிறது, சாராயத்தை ஒரு வகை பாக்டீரியா அசிட்டிக் அமிலமாக்குகிறது, அவ்வளவுதான். பாட்டிலில் அந்த அமிலம் சுமார் 5 சதவீதம்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். சீப்பில் மாட்டியிருக்கும் நீளமான முடி ஒன்றை எடுங்கள். சீப்பில் முடியே இல்லை என்பவர்களுக்கு இந்த வீடியோ தேவைப்படாது, கொடுத்து வைத்தவர்கள். வேரில் இருந்து நுனிக்கு இரண்டு விரலால் உருவினால் வழுக்கிக்கொண்டு போகும். நுனியில் இருந்து வேர்ப்பக்கம் உருவுங்கள், லேசாகச் சொரசொரவென்று பிடிக்கும். கெண்டை மீன் கழுவிய கைக்கு இது உடனே புரியும்: தலையில் இருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், திருப்பித் தடவினால் செதில் கையில் குத்தும். நம் முடியின் மேலும் அப்படித்தான் செதில்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, எல்லாம் நுனியைப் பார்த்தபடி. இதற்குப் பெயர் கியூட்டிக்கிள்.

செதில் படிந்திருந்தால் வெளிச்சம் ஒரே சீராகத் திரும்பி வரும், நாம் அதைப் பளபளப்பு என்கிறோம். செதிலைத் தூக்கிவிடுவது காரத்தன்மை. அமிலமா காரமா என்று சொல்லும் அளவுதான் பி.எச்.: 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். முடித்தண்டு மின்னேற்றம் இல்லாமல் சமநிலையில் இருப்பது சுமார் 3.67 பி.எச். அளவில். சோப்புத் தண்ணீரோ 9, 10 என்று நிற்கும். அதில் முடி நனைந்தால் எதிர்மின்னேற்றம் கூடுகிறது, செதில் எழும்புகிறது, ஒன்றோடு ஒன்று உரசிச் சிக்கு விழுகிறது. அமிலம் பட்டால் செதில் திரும்பவும் படிந்துவிடும். வினிகரின் மாயம் முழுவதும் இந்த ஒரு வரிதான்.

அதனால்தான் மேல்நாட்டில் சோப்பால் தலை குளித்த காலத்தில் கடைசியாக வினிகரோ எலுமிச்சையோ கலந்த தண்ணீரை ஊற்றி அலசினார்கள். 1934-இல் அமெரிக்காவில் டிரீன் என்ற சோப்பில்லாத ஷாம்பு வந்தது, பிறகு அந்தத் தேவை மெல்லக் குறைந்தது. இப்போது ஷாம்பு வேண்டாம் என்று சமையல் சோடாவால் தலை குளித்துவிட்டு வினிகர் ஊற்றுகிற கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. சோடாவின் பி.எச். 8-ஐத் தாண்டும். முதலில் கெடுப்பானேன், அப்புறம் சரிசெய்வானேன்?

"நான் ஷாம்புதானே போடுகிறேன்" என்கிறீர்களா? பிரேசிலில் 123 ஷாம்புகளை அளந்து பார்த்து 2014-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 3.5-இல் இருந்து 9 வரை எல்லா அளவிலும் இருந்தது! ஆக, வினிகர் உதவுமா என்பது உங்கள் ஷாம்பு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. சீயக்காய் போடுகிறவர்கள் நிம்மதியாக இருக்கலாம், அது இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உள்ளது.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஒருவர் "முடி பட்டு மாதிரி ஆகிவிட்டது" என்கிறார், இன்னொருவர் "காசு தண்டம்" என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இருவர் வீட்டுத் தண்ணீரும் வேறு!

போர் தண்ணீர் வருகிற வீட்டுக் குளியலறையில் குழாயைப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாக உப்பு பிடித்திருக்கும். அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். அதன்மேல் கொஞ்சம் வினிகர் விட்டால் நுரை நுரையாகப் பொங்கும், கரைந்து போகும். அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியிலும் ஒட்டிக்கொள்கின்றன. சோப்பும் சேர்ந்தால் ஒரு பிசுக்கு படியும், எத்தனை செம்பு ஊற்றினாலும் போகாது. இதை இளக்குவதில் வினிகர் கெட்டிக்காரன். நல்ல தண்ணீரும் மிதமான ஷாம்புவும் உள்ளவருக்கு இளக்குவதற்கே ஒன்றும் இல்லை, அவர் தலையில் வினிகர் என்ன செய்யும்?

ஒரு வேடிக்கையும் உண்டு. வினிகரை அதே போர் தண்ணீரில் கலக்கும்போது, தண்ணீரில் உள்ள பைகார்பனேட் என்ற காரத்தன்மையுள்ள உப்பு, அமிலத்தில் ஒரு பங்கை அங்கேயே விழுங்கிவிடும். தலைக்கு வருவது மீதிதான். முடிந்தால் குடிக்கிற தண்ணீரில் கலந்துகொள்ளுங்கள். கேன் தண்ணீரில் தலை அலசுவதா என்று வீட்டில் திட்டு விழுந்தால் நான் பொறுப்பில்லை.

முடி வளருமா? வெளியே தெரியும் முடி உயிரற்றது, வளர்வது தோலுக்குள் இருக்கும் வேர்க்காலில். வினிகர் அங்கே எதையும் முளைக்க வைக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பொடுகுக்குக் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கலந்த ஷாம்பு இருக்கும்போது இதை நம்பி மாதக்கணக்கில் உட்கார வேண்டாம்.

"இயற்கைதானே, என்ன ஆகிவிடும்" என்பதற்கும் பதில் இருக்கிறது. 2019-இல் அமெரிக்காவில் 22 பேர் தினமும் பத்து நிமிடம், இரண்டு வாரம், ஒரு கையை வெறும் 0.5 சதவீத அமிலம் இருக்கும்படி நீர்த்த ஆப்பிள் சைடர் வினிகரில் ஊற வைத்தார்கள். அதாவது பாட்டிலில் உள்ளதைப் பத்து மடங்கு நீர்த்தது. தோலின் காப்புத்திறன் மேம்படவில்லை. 16 பேருக்கு எரிச்சல் போன்ற தொந்தரவுதான் மிச்சம். மூக்கில் இருந்த மச்சத்தை எடுக்க இதை அப்படியே வைத்த 14 வயதுப் பெண்ணுக்குத் தோல் வெந்துபோன கதை மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது.

அப்படியும் ஆசையாக இருந்தால், அரை லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். ஷாம்பு போட்ட பிறகு முடியின் நீளத்தில் ஊற்றி, ஓரிரு நிமிடத்தில் நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். வாரம் ஒருமுறை போதும். கண்ணில் படக்கூடாது. தலையில் புண், அரிப்பு, சொரியாசிஸ் இருந்தால் பாட்டிலைத் தொடவே தொடாதீர்கள். வாடை? முடி காய்ந்தால் அமிலம் ஆவியாகிவிடும், ஆபீஸில் யாரும் ஊறுகாய் எங்கே என்று தேட மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் அந்தக் காசுக்கு ஒரு கண்டிஷனர் வாங்குவேன். பெரும்பாலான கண்டிஷனர்கள் அமிலத்தன்மையோடுதான் வருகின்றன, செதிலைப் படிய வைக்கிற வேலையோடு வழவழப்பும் இனாம். வீடியோவை நிறுத்திவிட்டு உங்கள் கண்டிஷனரின் பின்பக்கம் பாருங்கள், சிட்ரிக் ஆசிட் என்றோ லாக்டிக் ஆசிட் என்றோ இருக்கிறதா? இருந்தால் எது என்று கமெண்டில் போடுங்கள். கூடவே உங்கள் ஊரில் போர் தண்ணீரா, ஆற்றுத் தண்ணீரா என்றும் எழுதுங்கள், எனக்கு அதுதான் முக்கியம்.